விரலில் ஒட்டிய தூள்

பட்டறைத் தெருவில் அவரைக் ‘கூலிங்’ என்றால்தான் தெரியும். கார் ஏசி பழுது பார்ப்பது தொழில். வேலையில் அவருக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. குளிர்ச்சி குறைந்ததென்று எந்த வண்டி வந்தாலும் முதலில் மீட்டரை மாட்டி அழுத்தம் பார்ப்பார். சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடுவார். கசிவை அடைத்த பிறகு குழாய்களுக்குள் தங்கிய காற்றையும் ஈரத்தையும் பம்பு வைத்து உறிஞ்சுவார். அதற்கப்புறம்தான் எண்ணெயும் கேஸும்.

“கசிவு எங்கன்னு பாக்காம கேஸ் மட்டும் ஏத்துறவன் மெக்கானிக் இல்ல, பலூன் விக்கிறவன்” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார்.

அந்த ஒழுங்கு அவருடைய சொந்த வண்டிக்கு மட்டும் வாய்க்கவில்லை. பழைய கார். கோடைக்குக் கோடை, இரண்டு வேலைகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் கொஞ்சம் கேஸை ஏற்றிவிட்டு பானெட்டைச் சாத்திவிடுவார். கேஸ் கசிகிற வழியில் கம்ப்ரசரின் எண்ணெயும் கசியும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அடுத்த வாரம் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அந்த அடுத்த வாரம் பல வருடங்களாக வந்துகொண்டே இருந்தது.

இத்தனைக்கும் காரை வாங்கியதே மனைவிக்காகத்தான். திருமணமான புதிதில் அடுப்பு வெடித்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை அவளுக்கு வெந்துபோயிற்று. போர்வையோடு பாய்ந்து தீயை அணைத்தவள் அவளுடைய அக்கா. மாதக்கணக்கில் பக்கத்திலேயே கிடந்து, கட்டு மாற்றி, சோறு ஊட்டி, அழும்போது திட்டி, திட்டிவிட்டுத் தானும் அழுதவளும் அக்காதான். புண் ஆறியது, ஆறிய தோலில் வியர்வை சுரக்கவில்லை. உடம்பில் ஏறிய சூடு இறங்க வழியில்லாமல், சிறிது நேரம் வெயிலில் நின்றாலே அவள் மயங்கி விழுவாள். பகலில் அவள் இருக்கக்கூடிய இடங்கள் இரண்டே: வீட்டின் ஏசி அறை, இந்தக் கார்.

ஒரு காலைப்பொழுதில் அக்காவின் மகன் போன் செய்தான்.

“சித்தி, அம்மா உங்களத்தான் கேக்குறாங்க. சாயங்காலம் வரைக்கும் தாங்குறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. கெளம்பி வந்துடுங்க.”

அக்காவின் ஊருக்கு நான்கு மணி நேரப் பயணம். கோடை உச்சத்தில் இருந்தது. காரை ஓடவிட்டு ஏசியைப் போட்டால் துவாரத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது.

“நீ பையை எடுத்து வை. ஒரு மணி நேரத்துல ரெடி பண்ணிடுறேன்” என்று சொல்லிவிட்டு அவர் காரைப் பட்டறைக்கு ஓட்டிவந்தார்.

பக்கத்துக் கொட்டகையில் நசுங்கிய கதவொன்றைத் தட்டிக்கொண்டிருந்த டிங்கர் சுத்தியலை நிறுத்தினார்.

“என்னண்ணே, ஊருக்கெல்லாம் குளுகுளுன்னு பண்ணிக் குடுத்துட்டு, உங்க வண்டிய மட்டும் அடுப்பா வச்சிருக்கீங்க?”

அக்காவின் நிலையைக் கூலிங் சொன்னார். டிங்கரின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

“அண்ணே, அப்ப இதை நோண்டிக்கிட்டு நிக்காதீங்க. என் மச்சான் டாக்சி தெருமுனையில சும்மா நிக்குது. ஏசி புதுசு. கூப்பிடட்டுமா?”

“எம்பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போக இன்னொருத்தன் ஏசியா? நாளைக்கு இந்தத் தெருவுல நான் எப்படி நிக்கிறது?”

“தெரு கெடக்குது. அண்ணிய நெனச்சுப் பாருங்க.”

“நெனச்சுத்தான்யா இதைப் பண்றேன்.”

டிங்கர் மறுபடி சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

மீட்டரின் இரண்டு முட்களும் தாழ்ந்து கிடந்தன. கேஸ் பெரும்பாலும் போய்விட்டது. கம்ப்ரசரோடு குழாய் சேரும் இடத்தில் நுரை குமிழிட்டது. மிச்சக் கேஸை இறக்கிவிட்டுக் குழாயைக் கழற்றினார். உள்ளே இருந்த ரப்பர் வளையம் விரல் பட்டதும் நொறுங்கியது. புது வளையம் போடுமுன், வழக்கப்படி குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தார். எண்ணெய் பிசுபிசுக்க வேண்டிய இடம் காய்ந்திருந்தது. விரலில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் காட்டியபோது மினுங்கியது.

எண்ணெயில்லாமல் ஓடிய கம்ப்ரசர் உள்ளுக்குள் தன்னையே தேய்த்துத் தின்றுகொண்டிருந்தது. இதுவே வேறொருவருடைய வண்டியாக இருந்தால், “சார், இது இனிமே ஆகாது. எப்ப வேணா இறுகி நின்னுடும், நம்பி வெளியூர் போகாதீங்க” என்று சொல்லியிருப்பார். எத்தனையோ பேரிடம் சொன்ன வாசகம்தான். இரவுச் சாப்பாட்டின்போது, இந்தத் தூளைப் பற்றியும் சேர்த்து, மனைவியிடமும் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்ததுதான்.

அவர் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். எண்ணெய் ஊற்றினார், வளையத்தைப் போட்டு இறுக்கினார், பம்பை வைத்தார், கேஸை எடை போட்டு ஏற்றினார். துவாரத்திலிருந்து சில்லென்று காற்று வந்தது. டிங்கர் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மச்சானின் டாக்சி அதற்குள் சவாரி போயிருந்தது.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மனைவி ஓடிவந்து ஏறினாள். காற்றில் முகத்தைக் காட்டினாள்.

“சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சு.”

ஊர் எல்லை தாண்டி நெடுந்தூரம் வரை குளிர்ந்தது. அக்கா தன்னைத் திட்டிய திட்டுகளை ஒவ்வொன்றாக அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் காது முழுவதும் என்ஜின் பக்கமே இருந்தது. பாதி வழியில், அவர் பயந்த உறுமல் கம்ப்ரசரிலிருந்து தொடங்கியது. பிறகு ஒரு கிறீச்சல். ரப்பர் தீயும் நாற்றம். துவாரத்தில் வெறும் அனல். ஏசியை அணைத்தார். என்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை; கார் ஜம்மென்று ஓடிற்று. குளிர்ச்சி மட்டும்தான் செத்துவிட்டது.

நல்லவேளையாக ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. அதன் கடையில் ஏசி ஓடியது. நடக்கும்போதே தள்ளாடியவளைத் தாங்கி உள்ளே கொண்டுபோய், குளிர்பானப் பெட்டியின் அருகே உட்கார வைத்தார். அவளுடைய தோல் காய்ச்சல் கண்டதுபோல் கொதித்தது. வெளியே நின்று கிடைத்த எண்களுக்கெல்லாம் போன் போட்டார். பக்கத்து ஊரிலிருந்து ஒரு டாக்சி வர ஒப்புக்கொண்டது. ஆனால் தாமதமாகும் என்றார்கள்.

அவர் உள்ளே வந்தபோது போன் அவள் காதில் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். பிறகு போனை மடியில் வைத்தாள்.

“எப்ப?” என்றார்.

“இப்பத்தான். வழியையே பாத்துக்கிட்டு இருந்தாளாம்.”

அவர் எதிரே குந்தினார். அவளுடைய பார்வை அவர் முகத்திலிருந்து இறங்கி, கால்சட்டையின் தொடைப் பகுதியில் நின்றது. அங்கே சாம்பல் கோடொன்று மினுங்கியது. அது என்ன தூள், எங்கிருந்து வரும், வந்தால் என்ன பொருள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவர் அந்த இடத்தைக் கையால் மறைத்தார். மறைத்ததே ஒப்புக்கொண்டதாகிவிட்டது என்பது மறைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அவள் கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லி அழுதிருக்கலாம்.

கண்ணாடிக்கு வெளியே வெயில் தரையைப் பொசுக்கிக்கொண்டிருந்தது.

“அந்த டாக்சிய வேணாம்னு சொல்லிடுங்க” என்றாள். “வெயில் தாழட்டும். நம்ம வண்டியிலயே போலாம். இனிமே என்ன அவசரம்?”