நான் கைவிட்ட சாயப்பட்டறை

ஒரு தொழிற்சாலை வருவதற்கு முன்பே, அது மக்கள் உடம்பை என்ன செய்யும் என்று கணிப்பதற்குப் பொது சுகாதாரத் துறைக்காரர்களான எங்களுக்கு ஆர்.எஸ்.புரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். அதில் ஒரு நாடகமும் உண்டு. எனக்குச் சாயப்பட்டறை கட்ட வரும் முதலாளி வேடம். கொடுமுடிப் பக்கத்துச் சுகாதார ஆய்வாளர் ஒருவருக்கு அதை எதிர்க்கும் ஊர்க்காரர் வேடம். வாதத்தில் ஜெயிப்பவரை மற்ற மாவட்டங்களுக்குப் பயிற்சி கொடுக்க அனுப்புவார்கள் என்றதும் மீசையை முறுக்கிக்கொண்டேன். முறுக்கும் அளவுக்கு மீசை இல்லை என்பது வேறு விஷயம்.

ஊர்க்காரருக்கு நல்ல தொப்பை, நெற்றி நிறையத் திருநீறு. யாரிடம் பேசினாலும் முதலில் அவர்கள் நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். என்னுடையதையும் துடைத்தார்.

"ஏனுங்க, பட்டறையத் தாராளமாக் கட்டுங்க. குடும்பத்தோட எங்கூர்லயே இருப்பீங்கல்லங்க?"

"பின்னே? பெரிய ஊடே கட்டப் போறனுங்க," என்று அளந்துவிட்டேன்.

"சந்தோசமுங்க. பாப்பா எந்தக் கெணத்துத் தண்ணிங்க குடிக்கும்?"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் ரெட்டைச் சடையோடு ஒரு பாப்பா, டம்ளரில் சிவப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"பட்டறையே வேண்டாமுங்க," என்றேன்.

பயிற்சியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். மறுநாள் முழுக்க அந்தப் பட்டறையை வைத்துத்தான் பாடம் நடத்த இருந்தாராம்.

மதியச் சாப்பாட்டில் ஊர்க்காரர் தன் ஜாங்கிரியைக் காகிதத்தில் மடித்து நீட்டினார். "பாப்பாவுக்குக் குடுத்துருங்க."

"அவளுக்குச் சொத்தைப் பல்லுங்க," என்றேன், என்னை அறியாமல்.

"அப்பப் பாதிதானுங்க குடுக்கோணும்," என்று சிரிக்காமல் பிய்த்து, மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அவர் கிண்டல் செய்தாரா, நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.