பள்ளிக்குப் போன மங்குஸ்தான்

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஏலம் தொடங்கினாலே எனக்கு எரிச்சல் வரும். எந்த மரத்தின் முதற்பழமும் பள்ளியில் ஏலம் விடக் கொடுப்பதற்குத்தான் என்பது எங்கள் கல்முனைக்குடி வீட்டில் மாறாத வழக்கம்.

சிறுவயதில், வாப்பா கண்டியிலிருந்து கொண்டுவந்த மங்குஸ்தான் கன்று எங்கள் கடற்கரை மணலில் பல வருடம் காய்க்காமல் நின்றுவிட்டு ஒரேயொரு பழம் தந்தது. மீன் கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்தது நானும் உம்மாவும். வௌவால் தொடாமல் சீலைத்துண்டு கட்டியதும் நாங்கள்தான். பறித்துப் பள்ளிக்குக் கொண்டுபோனது மட்டும் வாப்பா.

"நீங்களே ஏலத்தில எடுங்களன் வாப்பா," என்று அழுதேன்.

"அல்லாஹ்வுக்காகத் தர்மமாக் குடுத்த சதக்காவத் திருப்பி வாங்கப்படா மகள்."

யாரோ ஒரு மீன் முதலாளி எடுத்துத் தின்றார். அடுத்த கோடையில் மரமும் பட்டுப்போனது. அதன் ருசி இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்றைக்கு, வாப்பாவும் என் கணவரும் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், ஒலிபெருக்கி "றம்புட்டான், ஒரு கொத்து!" என்றது. வீட்டு வளவுக்கு ஓடினேன். நான் நட்ட மரத்தில் முதன்முதலாகச் சிவந்திருந்த கொத்தைக் காணவில்லை.

சற்று நேரத்தில் வாப்பா தொப்பியைக் கழற்றியபடி வந்தார்.

"உன்ட மாப்புள ஏலம் கேக்க வாயத் தொறந்தாரு மகள். நல்ல வேள, நான் பக்கத்தில இருந்தன்."