இடது தோளில் வைத்த துணி

பெயரைப் போடாமல் எழுதுவதற்குப் பத்திரிகையில் ஒரு முறை உண்டு. பெயரை மட்டும் எடுத்துவிடுவோம். ஊர், தொழில், வயது, படிப்பு எல்லாம் அப்படியே இருக்கும். இருபது வருடம் அப்படித்தான் எழுதினேன். யாரும் வந்து கேட்டதில்லை.

தாம்பரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போதே விலாப்பக்கமாக மார்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்ட பிள்ளைகளில் சிலருக்கு, வளர வளர முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துவிடுகிறது. அதை நிமிர்த்த முதுகில் கம்பி வைத்து அறுவை செய்ய வேண்டும். ஒருமுறை பழுது பார்த்த இதயம் அந்த நீண்ட அறுவையை எப்படித் தாங்குகிறது, எந்த வயதில் செய்வது நல்லது என்பதுதான் ஆய்வின் கேள்வி. களப்பணியாளர் ஒருவர் வீடு வீடாகப் போய், மூச்சு வாங்குகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்டுக் குறித்து வருவார். எங்கள் பத்திரிகையின் புறநகர்ப் பக்கத்துக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டேன். "குடும்பம் ஒத்துக்கிட்டா போய்ப் பாருங்க" என்றார்.

பம்மலில் ஒரு வீட்டுக்குக் களப்பணியாளரோடு போனேன். களப்பணியாளர் ஒரு பெண்; அவர் கழுத்தில் மருத்துவமனை அட்டை தொங்கியது. என் அலுவலக அட்டையை, வண்டி ஓட்டும்போது ஆடுகிறதென்று, சட்டைப் பைக்குள் செருகியிருந்தேன். உள்ளே போன பிறகும் அதை வெளியே எடுக்கவில்லை.

"சாரும் நம்மகூட வந்திருக்காரு" என்றார் களப்பணியாளர்.

அந்த வீட்டு அம்மா தையல் மிஷின் பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அப்போது நான் யாரென்று சொல்லியிருக்க வேண்டும். பத்திரிகை என்றால் வேறு புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவார்கள், மருத்துவருக்கு நன்றி சொல்வார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் சொல்லவில்லை.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடிந்ததும் முதுகில் அறுவை என்று நாள் குறித்திருந்தார்கள்.

"ஒரு வருசமா வேணாம் வேணாம்னு அழுதுகினு இருந்துச்சு. இதுக்கு மேல தள்ளிப்போட்டா மூச்சு அடைக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்பதான் சரின்னு தலையாட்டிகீது" என்றார் அம்மா.

பிறகு கொடியிலிருந்து பள்ளிச் சீருடையை எடுத்து உள்பக்கம் திருப்பிக் காட்டினார். இடது தோளில் துணியை மூன்று மடிப்பாக வைத்துத் தைத்திருந்தார்.

"ஒரு தோளு எறங்கி கீது சார். இத வெச்சா தெரியாது. ஸ்கூல்ல ஒருத்தருக்கும் தெரியாது."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, அத எதுக்கு இப்ப காட்டுற?"

"ஆஸ்பத்திரிக்காரங்கதானே, இன்னா இப்போ? பேரு எங்கியும் வராதுன்னு எழுதிக் குடுத்துதானே கையெழுத்து வாங்கனாங்க."

நான் நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி, அதையும் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது, முகம் வராமல், மிஷினை மட்டும் ஒரு படம் எடுத்தேன். பாதி தைத்த ஊதா ரவிக்கை ஒன்று அதன்மேல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வந்தது. 'பம்மலில் ரவிக்கை தைக்கும் ஒரு தாய்' என்று தொடங்கியிருந்தேன். "அந்தத் தோள் விஷயம் பிரமாதம்யா" என்று பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

புதன்கிழமை களப்பணியாளர் அழைத்தார்.

"சார், நீங்க பேப்பர்னு அவங்ககிட்ட சொல்லவேயில்லையா?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். "பொண்ணு ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டா சார்."

அவர் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் சொல்லவில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதே எனக்குத் தெரியும்.

அன்று மாலையே பம்மலுக்குப் போனேன். அம்மா மிஷினை நிறுத்தவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்த ஊதா ரவிக்கை பின்னாடி வூட்டு அக்காவுது. 'ஏய், என் ரவிக்கை பேப்பர்ல கீதுடி'ன்னு சிரிச்சிகினே எடுத்தாந்துச்சு. அப்பால கீழ படிச்சிச்சு. சிரிப்பு நின்னுபோச்சு."

"மன்னிச்சிடுங்கம்மா."

"என்னாண்ட ஏன் கேக்குற? அதோ நிக்குது பாரு, அதாண்ட கேளு."

மகள் கதவோரம் நின்றாள். வீட்டு உடையில் இருந்தாள். இடது தோள் தாழ்ந்திருந்ததை என் கண் குறித்துக்கொண்டது. அவள் அதைக் கவனித்துத் துப்பட்டாவை இழுத்துவிட்டாள்.

"கிளாஸ்ல மிஸ் படிச்சுக் காட்டினாங்க. எல்லாரும் கைதட்டினாங்க" என்றாள். "அப்புறம் என் தோளையே பார்த்தாங்க."

"பேர் போடலையேம்மா" என்றேன். இதை நான் சொன்னேன். சொல்லவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது.

"ஆமா, பேர் ஒண்ணுதான் போடல. ஆபரேஷன் பண்ணிக்கிட்டா அதையும் வந்து எழுதுவீங்க. 'நிமிர்ந்தாள் மாணவி'ன்னு. படம் வேற போடுவீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

இதை எழுதும்போது ஊரையும் படிப்பையும் வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஐந்து நிமிட வேலை. அன்றைக்கும் ஐந்து நிமிட வேலையாகத்தான் இருந்திருக்கும்.

அவர்கள் ஆய்விலிருந்து விலகிக்கொண்டார்கள். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று அந்த ஒப்புதல் படிவத்திலேயே இருக்கிறது. அந்த வரியைப் பாராட்டிக் கட்டுரையில் எழுதியிருந்தேன். வேறு எங்காவது அறுவை செய்துகொண்டாளா என்று களப்பணியாளரைக் கேட்டேன். "தெரியாது சார். தெரிஞ்சாலும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன்" என்றார்.

ஆறேழு மாதம் கழித்து, வேறு வேலையாக ஷேர் ஆட்டோவில் பம்மலுக்குப் போனபோது பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். தோளில் பை, கழுத்தில் கல்லூரி அட்டை. சாலைக்கு முதுகைக் காட்டித் தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. கம்பியா, துணியா? கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். பின்கழுத்துக்குக் கீழே தழும்பு தெரிகிறதா என்று தேடினேன். அவள் சட்டென்று துப்பட்டாவை இழுத்துவிட்டாள். என்னைப் பார்த்திருக்க முடியாது. பழக்கமாக இருக்கலாம்.

"பம்மல் எறங்குறவங்க எறங்குங்க" என்றார் ஆட்டோக்காரர். நான் இறங்க வேண்டிய இடம் அதுதான். "அடுத்த ஸ்டாப்" என்றேன்.