லூர்துசாமி சந்துக்கு வழி

"தூக்குப்போட்டான் சந்து டீச்சர் தவறிட்டாங்க." ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாம் வைத்திருக்கும் இந்த வாட்ஸ்அப் குழுவில் செவ்வாய்க்கிழமை காலை செய்தி இப்படித்தான் வந்தது. செபஸ்தியம்மாள் டீச்சர் என்று போட்டால் யாருக்கும் விளங்காது என்று நினைத்திருப்பார்கள். அடுத்தடுத்துக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. ஒருவருக்கும் உறுத்தவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் ஏழெட்டு வீடுகள் மட்டுமே உள்ள முட்டுச்சந்து அது. முன்பு அதற்குப் பெயரே கிடையாது. பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்த அவருடைய அப்பா லூர்துசாமி, டீச்சர் எட்டாவது படிக்கும்போது, சந்து முனை வேப்பமரத்தில் உயிரை விட்டார். பிறகு மரத்தை வெட்டிவிட்டார்கள். ஊர் வைத்த பெயர் மட்டும் நின்றுவிட்டது.

டீச்சரைப் பெண் பார்க்க எரியோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சந்தின் பெயரோடு கதையையும் சொல்லித்தான் ஆட்டோக்காரர் அவர்களை இறக்கிவிட்டிருக்கிறார். வந்தவர்கள் காபியைக்கூடத் தொடவில்லை. ஆசிரியர் அறையில் டீச்சர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அதன்பிறகு யாரையும் அவர் வீட்டுக்கு வரச் சொன்னதில்லை.

பெயரை மாற்றக் கேட்டு வருடக்கணக்கில் மனு கொடுத்தார். ரோஜா சந்து என்று வைத்துவிடலாம் என்றார் கவுன்சிலர். டீச்சர் சம்மதிக்கவில்லை. "எங்கப்பா செத்ததத்தான் ஊரு ஞாபகம் வச்சிருக்கு. அம்புட்டு வருசம் இருந்தாருல்ல, அந்த மனுசனுக்கு ஒரு பேரு இருக்குல்ல" என்றார்.

அவர் ஓய்வுபெற்ற பிறகுதான் பலகை வந்தது. லூர்துசாமி சந்து. அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் லட்டைக் கடித்துக்கொண்டே பலகையைப் படித்துவிட்டு, "யாரு, அந்தத் தூக்குப்போட்டவரா?" என்று கேட்டார். டீச்சர் ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவர் கையில் இன்னொரு லட்டை வைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவரும் வண்டிக்கு வழி சொல்லும் வேலை எனக்கு வந்தது. லூர்துசாமி சந்து என்றேன். அப்படி ஒரு சந்தே இல்லை என்றார் டிரைவர். இருக்கிறது, விசாரித்து வாருங்கள் என்று போனை வைத்தேன். அவர் விசாரித்த யாருக்கும் தெரியவில்லை. சொந்தபந்தங்கள் வெயிலில் காத்து நின்றார்கள், டீச்சர் வண்டிக்குள் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் டிரைவர் மறுபடி கூப்பிட்டபோது டீச்சரின் தம்பி மகன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான்.

"தூக்குப்போட்டான் சந்துண்ணே."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா? இந்தா வாரேன்."

சொன்னபடியே செத்த நேரத்தில் வந்துவிட்டார். வண்டி அந்தப் பலகைக்குக் கீழேதான் நின்றது.

நாற்பது வருடப் பழக்கத்தில் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பெயர் ஒன்றைத்தான். முப்பதாம் நாள் செபம் அவர் வீட்டில் நடக்கிறது. வழி தெரியாதவர்கள் என்னைக் கூப்பிடலாம். லூர்துசாமி சந்து என்று மட்டும்தான் சொல்வேன். அதை வைத்து வந்து சேர முடியாதவர்கள் வர வேண்டாம்.