பித்தப்பையை எடுத்த பிறகு வராத வாந்தி

என் பித்தப்பையில் ஐந்து கற்கள் இருந்தன. நான்கு சிறு துளை போட்டுப் பையையே எடுத்துவிடலாம் என்று கோவை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு வயது எழுபத்துமூன்று. கத்திக்கு நான் பயப்படவில்லை, பிறகு வரும் வாந்திக்குத்தான் பயந்தேன். ஆறு வருடத்துக்கு முன் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் பதினான்கு முறை வாந்தி எடுத்தேன். பதினோராவது முறையில் தையல் பிரிந்தது. மறுபடி மேஜையில் ஏற்றித் தைத்தார்கள். அன்று என் மனைவி பக்கத்தில் இருந்தாள். இன்று அவள் இல்லை.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க எங்கள் சர்ச் சபையில் ஒன்பது பேர் “கண்டிப்பா வாரோமுங்க” என்றார்கள். ஒருவரும் வரவில்லை. பெருந்துறையில் வேலை செய்யும் மகனுக்கு லீவு இல்லையாம். வந்தவள் மருமகள் விமலா. இறந்துபோன மனைவியின் சேலைகளை என்னைக் கேட்காமல் யாருக்கோ எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று இரண்டு வருடமாக நான் அவளோடு பேசுவதில்லை.

“ஆண்டவரே, இந்த முறை வாந்தி வேண்டாம்” என்று இருபத்தொரு நாள் முழங்காலில் நின்றேன். பயம் போகவில்லை. கசந்துபோனேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்தார். “போன ஆபரேஷன்ல ஏதாச்சும் தொந்தரவு இருந்துதுங்களா ஐயா?”

“ஒண்ணுமில்லீங்க. எல்லாம் நல்லா இருந்துதுங்க” என்றேன். முகத்துக்கு நேரே குறை சொல்லிப் பழக்கமில்லை. யார் கேட்டாலும் வாயில் வருவது அதுதான்.

விமலா எழுந்தாள். “ஏனுங்க மாமா, பதினாலு தடவ வாந்தி எடுத்தத எங்ககிட்ட ஆயிரம் தடவ சொன்னீங்க. டாக்டருகிட்ட ஒரு தடவ சொல்லப்படாதுங்களா? சார், டவுன் பஸ்ல காந்திபுரம் போறதுக்குள்ளயே ரெண்டு பை நெறச்சுப்போடுவாருங்க.”

டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். “நல்லவேளை சொன்னீங்கம்மா. மூச்சுல இழுக்கற மயக்க வாயு வாந்தியக் கூட்டும், அது வேண்டாம், மயக்கத்தை ஊசியிலயே குடுத்துக்கலாம். வாந்தி வராம இருக்க ரெண்டு மருந்து முன்னாடியே போட்டுடறேன்.”

எனக்கு அவமானமாக இருந்தது. அன்று முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து கண் திறந்தபோது விமலா என் தாடைக்குக் கீழே கிண்ணத்தைப் பிடித்திருந்தாள். ஒரு மணி நேரம், இரண்டு, நான்கு. கிண்ணம் காய்ந்தே இருந்தது. “சாப்பிட்டயா அம்மணி?” என்று கேட்டேன். அவள் அழுதாள்.

அந்தப் பொய்யோடு படுத்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ. ஆண்டவர் காப்பாற்றினார், இந்தக் கிழவனை வெட்கப்படுத்தியே காப்பாற்றினார். இப்போது தினமும் அவளோடு பேசுகிறேன். இழந்த இரண்டு வருடம் திரும்பாது. அன்பானவர்களே, அவரை நம்பி ஜெபியுங்கள். டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஜெபத்துக்குப் பதில் யார் வாயில் வர வேண்டும் என்று மட்டும் நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.