மார்க்கெட்டிங்கும் நாலு மணி பஸ்ஸும்

டெம்பரரி லெக்சரர் வேலையில் பாடம் நடத்துவது பாதிதான். மீதிப் பாதி அந்தப் பாடத்துக்கு ஆள் பிடிப்பது. அந்த வேலையில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இருந்தேன். பி.பி.ஏ. பசங்கள் இரண்டாம் வருஷத்துக்கு மெயின் ஒன்றும் ஆன்சிலரி என்கிற துணைப்பாடம் ஒன்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். மெயினுக்குக் கணக்கியல் அல்லது நிர்வாகம். ஆன்சிலரிக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் அல்லது நான் நடத்தும் மார்க்கெட்டிங். வாலாஜாபாத்தில் வாடகை வீடு, வீட்டில் கைக்குழந்தை. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, நாற்காலியைக்கூடக் காட்டாமல் சொன்னார்: "பத்துப் பேராவது சேரணும் சார். இல்லேன்னா பேப்பரும் இல்ல, நீங்களும் இல்ல."

ரெண்டுமே மெயின்

முதலில் வந்தவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். கம்பெனி வருகிறது என்று யாரோ நிலத்தை விலைக்குக் கேட்க, அதை விற்று மகனைச் சேர்த்திருந்தார். பையன் தனசேகர் பின்னால் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தான். மெயின் பெரிசா, ஆன்சிலரி பெரிசா என்று கேட்டார். மெயின்தான் என்றேன். "அப்போ எம் புள்ளைக்கு ரெண்டையும் மெயினாவே போட்டுடு சார்" என்றார்.

அப்படிப் போட முடியாது என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. மார்க்கெட்டிங் எடுக்கட்டும், வரப்போகும் கம்பெனிகளுக்கு உதவும் என்று ஆரம்பித்தேன். எந்தக் கம்பெனி, எப்போது வரும் என்றார். எனக்கு என்ன தெரியும்! அவர் பையன் பக்கம் திரும்பி, "வாத்தியாருக்கே தெரிலடா. இதுக்கா ஏரியாண்ட நெலத்த வித்தேன்?" என்றார்.

பையனை என் பாடத்தில்தான் சேர்த்தார். சந்தோஷப்பட முடியவில்லை.

கண்டக்டரிடம் ஒரு விண்ணப்பம்

ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். பத்தாவது ஆள்தான் கிடைக்கவில்லை. பாடத்தின் மேல் யாருக்கும் கோபமில்லை. பசங்கள் வீட்டுக்குப் போகிற வாலாஜாபாத் பஸ் நாலு மணிக்கு, என் வகுப்பு முடிவது நாலே காலுக்கு. அடுத்த பஸ் ஆறரைக்கு. வகுப்பை முன்னால் தள்ளுங்கள் என்று பிரின்சிபாலிடம் கெஞ்சிப் பார்த்தேன். காலை நேரமெல்லாம் நிரந்தர ஆட்களுக்காம்.

வெட்கத்தை விட்டு கண்டக்டரிடமே போனேன். கால்மணி நேரம் தாமதமாக எடுக்க முடியுமா என்று கேட்டேன். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் டிபன் கேரியரோடு படியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "இவங்க கையால அடி வாங்கறதுக்கு நான்தான் கெடைச்சனா சார்? உன் பாடத்த நீயே சீக்கிரம் முடிச்சுக்கோயேன்!"

ஸ்டெல்லா

முதல் வருஷத்தில் கேள்வி கேட்ட ஒரே பெண் ஸ்டெல்லா, ஊர் வல்லக்கோட்டை. விற்காத சோப்பு ஏன் விற்கவில்லை என்று ஒரு மணி நேரம் என்னோடு மல்லுக்கு நின்றவள். மார்க்கெட்டிங்தான் எடுப்பேன் என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தாவது ஆளாக அவளை நம்பித்தான் அடுத்த மாதமும் பால் ஊற்றச் சொல்லிப் பால்காரரிடம் சொல்லியிருந்தேன்.

பாடம் தேர்ந்தெடுக்கும் கடைசி நாள் மேஜை முன்னால் வந்து நின்றவள் தலை நிமிரவில்லை. அவள் அண்ணன் ஃபேக்டரியில் வேலை. ஆறரை பஸ்ஸில் இருட்டி வருவதென்றால் காலேஜே வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். நான் வேண்டுமானால் அண்ணனிடம் வந்து பேசவா என்றேன். பேசினால் படிப்பே நின்றுவிடும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அப்படிப் பேச நினைத்தது எனக்காகவா அவளுக்காகவா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவள் பாரத்தில், காலையிலேயே முடிந்துவிடும் ஸ்டாடிஸ்டிக்ஸை நானே எழுதிக்கொடுத்தேன்.

"சார், எனக்கு உங்க பாடம்தான் புடிக்கும். ஆனா அது என்னை வூட்டாண்ட கொண்டாந்து வுடாதே சார்" என்றாள்.

பிரின்சிபால் அறை

இந்தத் தடவை நாற்காலியைக் காட்டினார். காபிகூட வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது. சேர்ந்த ஒன்பது பேரையும் ஸ்டாடிஸ்டிக்ஸில் தள்ளிவிட்டார்களாம். தனசேகர் அப்பா என்ன சொன்னாரோ, விசாரிக்க எனக்குத் தெம்பில்லை. கெட்ட மனிதரில்லை பிரின்சிபால். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று யோசித்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆறரை வரைக்கும் காத்துக்கெடக்க வேணாம் பாருங்க, இன்னிக்கு நீங்களும் நாலு மணி பஸ்லயே போயிடலாம்."

போனேன், என் பாடம் வேண்டாமென்ற அத்தனை பேரும் அந்த பஸ்ஸில்தான் இருந்தார்கள், ஆளாளுக்கு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள்.