கயிறு உருவிய கோட்டுகள்

ஒரு மழைக்கோட்டு நல்லதா இல்லையா என்பதைக் கோட்டுக்காரம்மா கண்ணால் பார்த்துச் சொல்லமாட்டாள். கோட்டை உள்புறம் வெளியே வரப் புரட்டி, கோட்டுக் கையின் நுனியை இறுக்கிக் கட்டி, தோள் வழியாக ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் கொக்கியில் மாட்டிவிடுவாள். டீ குடித்துவிட்டு வந்து புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். தையல் ஓரம் மட்டும் ஈரமாக இருந்தால் ஒட்டுப்பட்டை வைத்து இஸ்திரி போட்டால் சரியாகிவிடும். துணி முழுக்க வியர்த்திருந்தால் உள்பூச்சு போய்விட்டது.

"இது போச்சுங்க. இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க" என்பாள். அப்படிச் சொன்ன கையோடு தலைமூடியின் கயிற்றை உருவிவிடுவாள். கயிறில்லாத தலைமூடி காற்றில் பின்னால் விழுந்துவிடும். யாரும் தெரியாமல்கூட அதைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கக்கூடாது என்பதுதான் அவள் கணக்கு.

கல்யாணத்துக்கு முன்பு மழைக்கோட்டு ஆலையில் பட்டை ஒட்டும் மிஷினில் உட்கார்ந்தவள். ஆலையை மூடிய பிறகு, வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தையே கடையாக்கிக்கொண்டாள். ஜனங்கள் வேண்டாமென்று விட்டுப்போகும் கோட்டுகளை நாத்தனார் எடுத்துக்கொண்டு போய் மாடியில் வைத்து வெட்டுவாள். முதுகுத் துண்டில் ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை, மற்றதில் ஈரத்துணிப் பை, குழந்தைப் படுக்கைக்கு விரிப்பு. வாரச் சந்தையில் விற்பதும் அவள்தான்.

"எங்க அண்ணி டாக்டர் மாதிரி. செத்துப்போச்சுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாங்க. நான்தான் காரியம் பண்றவ" என்று நாத்தனார் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். கோட்டுக்காரம்மாவும் சிரிப்பாள். நாத்தனாரோடு இவ்வளவு ஒட்டுதலா என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அன்றைக்கு நூல் வாங்கப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூட வாசலில் காவலாளி சட்டைக் காலரைப் பிழிந்துகொண்டிருந்தார். மேலே கோட்டு இருந்தது.

"என்னண்ணா, கோட்டு போட்டும் இப்படி?"

"வெளிய மழை நின்னாலும் உள்ள நிக்கமாட்டேங்குதும்மா." இருமலுக்கு நடுவே சிரித்தார்.

"எங்க வாங்கினீங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? உங்க கோட்டுதான். உங்க நாத்தனார் சந்தையில வச்சிருந்தாங்க. நீங்க கைபடச் சரி பண்ணது, ரெண்டு மழைக்காலம் தாங்கும்னாங்க. உங்க பேரைச் சொன்னதால பேரம்கூடப் பேசல."

இடது பையில் பச்சை ஒட்டுப் போட்ட கோட்டு. அதன் கயிற்றை உருவியது அவள்தான். இப்போது தலைமூடியில் கயிறு இருந்தது. பழுப்பு நிறத்தில், நுனியில் பிளாஸ்டிக் குப்பி வைத்த ஷூ லேஸ்.

 பீரோ இழுப்பறையில் அதே பழுப்பு லேஸ் ஒரு கட்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டபோது, மரக்கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர், "மரச்சட்டம் கட்டுறதுக்கு" என்றார். அந்த வீட்டில் ஷூ போடுகிறவர் ஒருவரும் இல்லை.

தன் கோட்டைக் கழற்றி நீட்டினாள். "இதைப் போட்டுக்குங்கண்ணா. அதை என்கிட்ட குடுங்க."

"பூப் போட்டிருக்கேம்மா. பசங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நனையாம நில்லுங்க."

தொப்பலாக வீட்டுக்குள் வந்தவள், பச்சை ஒட்டுக் கோட்டைச் சாப்பாட்டு மேஜைமேல் போட்டாள். கணவர் கோட்டைப் பார்க்கவில்லை. முதலில் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அண்ணி, முதல்ல தலையைத் துவட்டுங்க" என்றாள் நாத்தனார்.

"இந்த லேஸை யார் கோத்தது?"

"நான்தான். மெழுகு தேய்ச்சு இஸ்திரி போட்டா ஒரு மழைக்குத் தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது. பையா தைச்சு வித்தா எவ வாங்குறா? கோட்டுன்னா கடை விரிச்ச உடனே போயிடுது. வீட்டுக்குத்தானே அண்ணி, நான் என்ன காசைத் தனியா முடிஞ்சு வச்சுக்கிட்டேனா?"

"என் பேரைச் சொல்லியா வித்தே?"

"பின்ன யார் பேரைச் சொல்றது? என் பேரைச் சொன்னா யாரு வாங்குவா?"

அதில் கள்ளமே இல்லை. உள்ளதைச் சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

கணவர் தொண்டையைச் செருமினார். "பழைய துணிதானே, விடு. சொன்னா நீ ஒத்துக்கமாட்டே. அதான் சொல்லல."

"ஒத்துக்கமாட்டேன்னு தெரிஞ்சிருக்கு இல்லீங்க?"

அவர் மறுபடியும் தங்கையைப் பார்த்தார்.

"அது போதும்" என்று துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த சந்தையில் அவளே போய் உட்கார்ந்தாள். கயிற்றுக்குப் பதில் ஷூ லேஸ் இருக்கிற கோட்டைக் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகத் தொண்டை வறளச் சொன்னாள். சிலர் வந்தார்கள். தபால்காரர் ஒருவர் மாற்றுக் கோட்டை மடித்து வைத்துக்கொண்டே கேட்டார்: "அப்போ உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியாதுங்க."

"ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"

சண்டைக்குக் கேட்கவில்லை அவர். நம்பத்தான் முடியவில்லை அவரால். அவள் அடுத்த கோட்டை எடுத்து விரித்தாள். அந்தக் கேள்வி வீடு வரை கூடவே வந்தது.

இப்போதெல்லாம் அவள் கயிறு உருவுவதில்லை. உள்பூச்சு போன கோட்டு என்று தெரிந்தால், அங்கேயே பெரிய கத்தரியை எடுத்து முதுகின் நடுவில் காலரிலிருந்து கீழ் ஓரம் வரை ஒரே இழுப்பில் வெட்டிவிடுகிறாள். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டு நாத்தனார் படியிறங்கி வந்தாள்.

"என்ன அண்ணி, முதுகைப் போய் வெட்டிட்டீங்க? சீட் உறைக்கு அந்தப் பெரிய துண்டுதானே வேணும்?"

"தெரியும்."

 டாக்டர், காரியம் என்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வாயெடுத்த நாத்தனார், சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். கோட்டுக்காரம்மா வெட்டிய துணியைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தாள்.

"கை ரெண்டும் முழுசா இருக்கு. தண்ணி பாட்டிலுக்கு உறை வரும், தைச்சுக்கோ."